வறண்ட கண்மாய் கேட்டவர்கள்

“...மழை பெஞ்சாலும் கண்மாய்ல தண்ணி நிக்கக் கூடாது, வெடிச்ச தரைதான் வேணும்னாங்க மச்சான், அந்த சினிமாக்காரங்க. நானும் சரின்னுட்டேன்.”

ராமநாதபுரம் போகிற பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் இப்படிச் சொன்னதும் எனக்கு வந்த தூக்கம் போய்விட்டது. அவர் பக்கத்தில் இருந்த மச்சான் சிரித்தார்.

“மழைய நீ என்னலே பண்ணுவ?”

“கண்மாய்க்குத் தண்ணி வர்ற வரத்துக்கால்ல மணல் மூட்டைய அடுக்கி அடைச்சிட்டேன். பெஞ்ச தண்ணி பூரா கடலுக்குப் போயிருச்சு. ஷூட்டிங் வந்தா ஊருல பாதிப் பேருக்கு வேலை கெடைக்குமேன்னு நெனச்சேன்.”

“வந்தாங்களா?”

“எங்கன வர? பக்கத்து மாநிலத்துல எடுத்தா செலவுல ஒரு பங்க கவர்மெண்டே திருப்பித் தருதாம். பர்மிஷனும் ஒரே ஆபீஸ்ல முடிஞ்சிருதாம். அங்கன போயிட்டாங்க.”

மச்சானின் சிரிப்பு நின்றது. “அடப்பாவி! ஊருக்குத் தெரியுமா?”

“எதையும் சொல்லல. மழை பத்தலைன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்காங்க.”

சிக்கல் நிறுத்தத்தில் ஏறிய ஒரு பெண் முன்சீட்டுக்காரரைக் கண்டதும் முகம் மலர்ந்து பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணே, தண்ணியில்லாம மிளகாச்செடி பூரா கருகிப்போச்சு. இனி நீங்க கூட்டியாரப் போற சினிமாக்காரங்களத்தான் நம்பியிருக்கோம். சமையல் வேலைக்கு என் பேரையும் சொல்லி வைங்கண்ணே. ஊருக்காக இம்புட்டு அலையிறீங்க, நல்லா இருப்பீங்க.”

அவர் எழுந்து, அந்தப் பெண்ணைத் தன் சீட்டில் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். ராமநாதபுரத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தவர், அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார்.