உரியாத நீலம்

எனக்கு யானை கீற வராது. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நாயாற்றில் வள்ளங்களுக்குப் பெயர் எழுதியே இருபத்தாறு வருடம் பிழைத்தவன் நான். எழுத்து வரும், மீன் வரும், மாதாவின் முகம்கூட ஓரளவுக்கு வரும். யானை மட்டும் வராது. தெரிந்துகொண்டே போன மாரிக்கு முன் பாலர் பாடசாலைச் சுவரில் ஒன்று கீறினேன். மழை தொடங்கி மூன்றாம் கிழமை சுவர் வேர்த்து, தும்பிக்கை உரிந்து விழுந்தது. பிள்ளைகள் அதைப் பன்றி என்றார்கள். பிள்ளைகளில் பிழை சொல்ல முடியாது. பன்றியாகத்தான் இருந்தது.

அன்றிலிருந்து என் அக்காவின் மருமகன் ஜெயந்தன் சந்தியில் கண்டால், "பண்டி மாமா, எங்க வெளிக்கிட்டாச்சு?" என்பான். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்த நாட்களும் உண்டு. ஐம்பத்துநான்கு வயதில் ஒரு யானைக்காக ரோசப்பட்டுக் குப்புறப் படுத்தவன் இந்தக் கரையில் நான் ஒருவன்தான் இருப்பேன்.

அவனுடைய மனைவி டக்சாயினி, அக்காவின் ஒரே மகள், அப்படியில்லை. எட்டு வருடம் நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளைக்குத் தனியாக ஓர் அறை கட்டினார்கள். "மாமா, பிள்ளையின்ர சுவரில ஒரு கடல் கீறித் தாங்கோ. உங்கள விட்டா ஆர் எனக்கு?" என்று கேட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடலில் யானை இல்லை என்பதும் ஒரு காரணம்.

வீட்டுச் சுவருக்குப் பூசுகிற பெயின்ற் உரியும். அது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கிற பெரிய வள்ளங்களின் அடியில் பூசுகிறது உரியாது. அதில் பாசி பிடிக்காது, சிப்பி ஒட்டாது. ஒட்ட வருகிறதைக் கொன்றுவிடும், செய்தது அதற்காகத்தான். என் கொட்டிலில் நீலத்தில் இரண்டு வாளி இருந்தது.

வாளியில் எழுதியிருக்கவில்லையா என்று கேட்பீர்கள். எழுதியிருந்தது. 'எழுத்தின் வளைவைப் பார்ப்பேனே தவிர வாசிக்கிற பழக்கம் எனக்கில்லை' என்று சொல்வதற்கு ஒரு வசனம் ஆயத்தமாக வைத்திருந்தேன். மூன்று மொழியிலும் பலகை எழுதுகிறவன் சொன்னால் யார் நம்புவார்கள்? மூடிய அறைக்குள் பூசக்கூடாது என்று இருந்தது. கீழே ஒரு மண்டையோடும் இருந்தது. அதை நன்றாகத்தான் கீறியிருந்தார்கள்.

நான்கு நாளில் முடித்தேன். சூடை மீன் கூட்டம், ஒரு திருக்கை, ஆமை, நடுவில் ஒரு வள்ளம், அதில் பிள்ளையின் பெயர்: ஜெருஷா. ஜெயந்தன் வந்து பார்த்தான். பன்றி என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு நான் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டேன்.

பிள்ளையைக் குளிப்பாட்ட வருகிற பேச்சியம்மாதான் ஒரு குறை சொன்னார். மலையகத்திலிருந்து வந்து, கரையைவிட்டு உள்ளே காட்டுப்பக்கம் குடியிருக்கிற மனிசி. "நெடி தலைய சுத்துதுங்க ஐயா. பச்சப் புள்ளய இங்க போடாதீங்க" என்றார்.

"சாம்பிராணி போடுங்கோவன், மணம் எடுபட்டிடும்" என்றேன்.

அவர் தயங்கிக்கொண்டே சட்டியைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தார். அந்தச் சட்டி அங்கே வந்தது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். தொட்டிலில் பிள்ளை, பின்னால் என் கடல், எல்லோரும் நின்று படம் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சனி மத்தியானம் காற்று எழும்பியது. ஆமையின் முதுகு தொட்டால் இன்னும் கையில் ஒட்டியது. மணல் பட்டால் போச்சு. யன்னலைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

டக்சாயினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, காய்ஞ்சிட்டுதே?"

"ஓம் பிள்ளை, அது எப்பவோ. பயப்படாமல் கிடத்து."

அவள் பலகாரம் சுடக் குசினிக்குப் போனாள். நான் கதவையும் சாத்திவிட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தேன். உள்ளே பிள்ளை ஒரு தரம் இருமியது. திறந்தால் மணல் போகும் என்று இருந்தேன். பிறகு இன்னொரு தரம் இருமியது. அதற்குப் பிறகு சத்தமில்லை. நல்ல பிள்ளை, நித்திரையாகிவிட்டது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரியில், மூச்சுக்குள் ஏதோ புகை போயிருக்கிறது என்றார்கள். ஜெயந்தன் வீட்டுக்கு வந்து, வாசற்படியில் இருந்த சாம்பிராணிச் சட்டியைக் காலால் உதைத்தான். "சட்டியில நெருப்புக் கூடிப்போச்சுதோ தெரியாது" என்றேன் நான். மெதுவாகத்தான் சொன்னேன். பேச்சியம்மா என் முகத்தையே பார்த்தார். "ஐயா, நீங்க சொல்லித்தானே" என்று தொடங்கினார். சனம் முடிக்க விடவில்லை. பொலிஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது.

கல்லறைச் சிலுவையில் பெயரும் நான்தான் எழுதினேன். வாளியில் கொஞ்சம் நீலம் மிஞ்சியிருந்தது. எத்தனை மாரி வந்தாலும் அது அழியாது.

நேற்று நீங்கள் அந்த அறைக்கு வந்தீர்கள். தொட்டிலை நகர்த்திவிட்டுச் சுவருக்கு முன்னால் கனநேரம் நின்றீர்கள். "இதை ஆர் கீறினது?" என்று கேட்டீர்கள். செத்தவீட்டுக்கு வந்த சனத்தில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். சுவரை நிமிர்ந்து பார்த்தவர் இல்லை.

நான்தான் கீறினேன் ஐயா. என்ன வாளி என்று தெரிந்து பூசினேன். காயவில்லை என்று தெரிந்து காய்ந்துவிட்டது என்றேன். யன்னலையும் கதவையும் சாத்தினது நான். இருமல் கேட்டும் திறக்காமல் இருந்தது நான். பேச்சியம்மா ஒரு பிழையும் செய்யவில்லை, அவரை விடுங்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் கேள்வியை முதல் நாளே யாராவது கேட்டிருந்தால், பாவம், அந்த மனிசி பதினொரு நாள் உள்ளே இருந்திருக்கத் தேவையில்லை.