பெயர் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை

மத்தியானம் பன்னிரண்டு மணி. கும்மிருட்டு. கோவிலிலிருந்து கடைசி வீடு வரைக்கும் போகிற பனிப்பாதை... அதில் ஒரே ஒரு பெண்.

சிரிக்காதே அமோஸ். டிசம்பரில் நம் பக்கத்துப் பேய்க்கு நடுராத்திரி எதற்கு? நவம்பரில் போகிற சூரியன் பிப்ரவரியில்தான் தலைகாட்டுகிறது. எல்லா நேரமும் அதற்குத் தோதான நேரம்தான்.

எல்லோரும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஓட்டுப் பெட்டியைச் சுவரோரம் தள்ளுங்கள். இந்த ஊரின் முப்பத்தெட்டு ஓட்டு இன்றைக்கே போய்ச் சேராவிட்டால் தலைநகர் நூக்கில் யாருக்கும் குடி முழுகிவிடாது. காற்று அடங்கினால் ஹெலிகாப்டர் வரும். அடங்காவிட்டால் நாளைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படுக்கை.

"பேய் வருமா வராதா, அத மட்டும் மொதல்ல சொல்லிடுங்கண்ணே," என்றான் அமோஸ்.

"வரும். ஆனா ஒன்னும் பண்ணாது. வாசல்ல நிக்கும், அவ்வளவுதான்."

"பூ... இவ்வளவுதானா?"

இவ்வளவுதான். கேளுங்கள்.

என் நண்பன் ஒருவனின் பெரியம்மாவுக்கு நடந்தது இது. பெயர் ரெகினே. நமக்கென்று ஒரு கொடி கிடைத்த மறு வருடம். நகரத்துக்கு வடக்கே நாற்பது வீடு உள்ள ஊர். அவள் புருஷன் ஏனொக், கடல் உறைந்ததும் நாய்வண்டியில் போய், பனியில் துளை போட்டுத் தூண்டில் கயிறு இறக்கி மீன் பிடிப்பவர். அதிகம் பேசமாட்டார். மனைவியைக் கேலி செய்ய மட்டும் வாயைத் திறப்பார். "நீ போடுற காப்பியக் குடிச்சிட்டுப் போனா நாய்க்கே என்மேல பரிதாபம் வருது" என்பார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. "அப்ப நாயையே கட்டிக்கிட்டிருக்கலாமே" என்பாள். பிள்ளை இல்லாத வீடு. இந்தப் பேச்சுதான் அந்த வீட்டின் கலகலப்பு.

டிசம்பர் முதல் புதன்கிழமை காலையில் கிளம்பினார். மத்தியானம் கிழக்கே நிலத்தை மூடிக் கிடக்கும் பெரும்பனியிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று இறங்கியது. அந்தக் காற்று நல்லதுக்கு வருவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் கடல் பக்கம் ஒரு சத்தம்... கனத்த துணியை யாரோ மெதுவாகக் கிழிப்பது போல. உறைந்த கடல் கரையை விட்டுப் பிரிந்து போய்விட்டது.

மறுநாள் இரண்டு நாய்கள் மட்டும் திரும்பி வந்தன. உடம்பெல்லாம் நனைந்து உறைந்து, கழுத்து வாரை இழுத்துக்கொண்டு. வார் அறுந்திருக்கவில்லை. கத்தியால் வெட்டியிருந்தது. வண்டி மூழ்கும்போது நாய்களாவது பிழைக்கட்டும் என்று வெட்டிவிட்டிருக்கிறார், மனுஷன் போய்விட்டார் என்று ஊரே முடிவு கட்டியது.

ரெகினே ஒருத்திதான் ஒப்புக்கொள்ளவில்லை. "வார வெட்டுறதுக்குக் கை இருந்திருக்கு இல்ல? அந்தக் கைக்குச் சொந்தக்காரரு எங்கயோ கரை ஏறித்தான் இருப்பாரு," என்றாள். எதிரே இருக்கும் தீவில் வேட்டைக்காரர்கள் தங்கும் குடிசை ஒன்று உண்டு. அவர் அங்கேதான் இருக்கிறார் என்பது அவள் நம்பிக்கை. ஆனால் போவது எப்படி? நடுவில் உடைந்த பனி நிரம்பிக் கிடந்தது. வண்டி ஓட்டினால் தாங்காது, படகு விட்டால் நகராது. ஏனொக்கின் தம்பி யோனாஸ் மூன்று முறை முயன்று, மூன்று முறையும் பாதி வழியில் திரும்பினான். காற்று ஒரு மணி நேரம் ஓய்ந்தபோது ஹெலிகாப்டர் வந்து தீவைச் சுற்றியது. குடிசையில் வெளிச்சம் இல்லை, புகை இல்லை. அதுவும் போய்விட்டது.

ரெகினே விடவில்லை. கடையிலிருந்த ரேடியோ டெலிபோனில் நகரத்துப் போலீஸ்காரரைப் பிடித்தாள். அவரும் நம் வழக்கமெல்லாம் தெரிந்த நம் ஆள்தான்.

"சார், மேல சுத்திட்டுப் போனா எப்படி? எறங்கிப் பாக்கணும். கதவத் தெறந்து பாக்கணும்."

"வானம் தெளியணும்மா... திங்கக்கிழமை தெளியும்னு சொல்றாங்க. தெளிஞ்சா கண்டிப்பா அங்க எறங்கச் சொல்றேன்."

திங்கட்கிழமை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், தூங்கினாள்.

இதற்கு நடுவில் வியாழக்கிழமை யோனாஸின் மனைவி மாலியாவுக்குக் குழந்தை பிறந்தது. ஆண். நாள் நிறையாத பிள்ளை. பிறந்ததிலிருந்து ஒரே அழுகை. பால் வாயில் வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். டாக்டர் வர வழியில்லை. பிரசவம் பார்த்த தோர்த்தே வெள்ளிக்கிழமை குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது பசிக்கு அழுவல. பேர் கேட்டு அழுவுது," என்றாள்.

எந்தப் பெயர் என்று யாரும் கேட்கவில்லை. உங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. செத்தவர் பெயர் ஒரு பிள்ளைக்குப் போய்ச் சேரும் வரை குளிரில் அலையும். அதுவரை அந்தப் பெயரை ஒருவரும் வாயால் சொல்ல மாட்டோம். நாய்கள் திரும்பியதிலிருந்து அந்த ஊரில் ஏனொக் என்று சொன்னவள் ரெகினே மட்டும்தான்.

சனிக்கிழமை மாலியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டிலிருந்து வந்தாள். பிரசவித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா... நான் கேக்கக் கூடாதுதான்."

"அப்ப கேக்காத."

"ஒரு சொட்டு உள்ள போகல அக்கா."

"உசுரோட இருக்கிறவரு பேர எப்படிடி குடுப்பேன்? பேர எடுத்துட்டா எத வெச்சுக்கிட்டு அவரு வீடு திரும்புவாரு? திங்கக்கிழமை வரைக்கும் பொறு. ரெண்டே ரெண்டு நாள்."

 மாலியா குழந்தையை ரெகினேவின் மடியில் வைத்தாள். அது அழவில்லை. அழுவதற்குக்கூடத் தெம்பில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. உதட்டில் நீலம் பரவியிருந்தது.

ரெகினே இரவு முழுவதும் அந்தக் குழந்தையைத் தன் சட்டைக்குள், வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமை வரை இது தாங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு, "குடுத்துடுங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஞாயிறு பதினொரு மணிக்குக் கோவிலில் ஞானஸ்நானம். உபதேசியார் தண்ணீரைத் தொட்டுத் தலையில் வைத்து, ஏனொக் என்றார். குழந்தை ஒரு பெருமூச்சு விட்டது. அங்கேயே, பெஞ்சிலேயே, மாலியாவின் மார்பைப் பிடித்துக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது. மடமடவென்று... தொண்டையில் இறங்கும் சத்தம் பின் வரிசை வரை கேட்டதாம். அழுதவர்கள் பாதி, சிரித்தவர்கள் பாதி. ஒவ்வொருவராக வந்து உறவு சொல்லிக் கூப்பிட்டார்கள். யோனாஸ் தன் சொந்தப் பிள்ளையின் காலைத் தொட்டு, "அண்ணே, வந்துட்டியா," என்றான். ரெகினே குனிந்து, "வீட்டுக்காரரே," என்றாள்.  அந்தக் குழந்தைதான் என் நண்பன். பெரியம்மா அவனை இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், அவன் பெண்டாட்டி எதிரிலேயே.

எல்லோரும் மாலியா வீட்டுக்குக் காப்பிக்கும் கேக்குக்கும் போனார்கள். ரெகினே போகவில்லை. பின்தங்கி, தனியாகக் கடைசி வீட்டுக்கு நடந்தாள்.

மத்தியானம் பன்னிரண்டு. பனி காலடியில் நறநறத்தது. பாதி வழியில்தான் கவனித்தாள்... தன் அடிக்குப் பிறகு இன்னொரு நறநறப்பு. இரண்டு இரண்டாக இல்லை. ஒரு அடி... பிறகு ஒரு இழுப்பு. ஒரு அடி... ஒரு இழுப்பு. நின்றாள். அதுவும் நின்றது. ஊரில் முந்நூறு நாய். ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் போய் உள்கதவைச் சாத்தினாள். வெளிக்கதவு திறக்கும் சத்தம். நடையில் மாட்டியிருந்த பனி தட்டும் கட்டையை யாரோ எடுத்தார்கள். காலணியில் தட்டினார்கள். டொக், டொக், டொக்... கொஞ்சம் பொறுத்து... டொக். இருபத்தோரு வருடமாகக் கேட்ட தட்டல். கதவு இடுக்கில் வாடை வந்தது. ஈர நாய்மயிர், கடல்நாய்க் கொழுப்பு, அவருடைய புகையிலை.

நம் ஊரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டு வருவோம். ஆனால் அந்த ஆள் வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பெயர் இல்லாதவர் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் உள்ளே வர முடியாது. ரெகினே வாயைத் திறந்தாள்.

அந்த நொடியில் பக்கத்து வீட்டுச் சிரிப்பெல்லாம் நின்றது. சுவரைத் தாண்டி மாலியாவின் குரல். "தோர்த்தே அக்கா! இங்க வாங்க! புள்ள... புள்ள மூச்சு விட மாட்டேங்குது!"

ரெகினேவுக்குப் புரிந்துபோயிற்று. இவரைக் கூப்பிட்டால் பெயர் இவரிடம் வந்துவிடும். அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. கையுறையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. ஒரு விரல்கடை மரம்தான் நடுவில். அதன்மேல் நெற்றியை வைத்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் கையுறையை எடுத்துவிட்டு, பெயர் சொல்லாமல் ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"குளிருதா?"

 கட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டும் சத்தம். ஒரு அடி... ஒரு இழுப்பு. ஒரு அடி... ஒரு இழுப்பு. கடல் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. பக்கத்து வீட்டில் குழந்தை வீறிட்டு அழுதது. பிறகு மறுபடியும் சிரிப்பு, கோப்பைச் சத்தம்.

விளக்கோடு கதவைத் திறந்தாள். நடைப் பலகையில் பனி உதிர்ந்து கிடந்தது. ஈரமாக ஒரு காலடித் தடம். ஒன்றுதான். இடது கால்.

அமோஸ், ஏன் கதவையே பார்க்கிறாய்?

சரி. அன்று மாலையே தோர்த்தே சந்தோஷத்தில் ரேடியோவின் வாழ்த்து நிகழ்ச்சிக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். பெயரும் வைத்தாயிற்று, பிள்ளையும் பிழைத்தது என்று கரை நெடுகக் கேட்டார்கள். நகரத்துப் போலீஸ்காரரும் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. நம்மவர் என்பதால்தான் அர்த்தம் புரிந்தது. பெயர் கொடுத்துவிட்டார்கள் என்றால் அவர் செத்தது அவர்களுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, இனி எதற்குத் தேட வேண்டும்? தெற்கே ஒரு ஊரில் குடல்வால் வெடித்த பெண் ஒருத்தி கிடந்தாள். திங்கட்கிழமை வானம் தெளிந்தது. ஹெலிகாப்டர் அவளைத் தூக்கிவரப் போனது. அவள் பிழைத்தாள். யாரைக் குற்றம் சொல்வீர்கள்? சட்டப்படி உடம்பு கிடைக்கும் வரை காணாமல் போனவர்தான். காகிதத்தில் அவர் உயிரோடு இருந்தார். ஊரில்தான் செத்துப்போயிருந்தார்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கடல் உறைவதும் உடைவதுமாக இருந்தது. ஏப்ரலில் பனி தாங்கியதும் யோனாஸ் தீவுக்கு வண்டி ஓட்டினான். குடிசையின் ஜன்னலைப் பனி மூடியிருந்தது. உள்ளே புகை வராத கொழுப்பு விளக்கு, அணைந்து கிடந்தது. பலகைமேல் ஏனொக். வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து, துடுப்புக் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. கரையிலிருந்து தவழ்ந்து வந்து சேர்ந்ததே பெரிது, அந்தக் காலோடு அவர் திரும்பக் கதவு வரைகூடப் போயிருக்க முடியாது.

பக்கத்தில் குடிசைப் புத்தகம். தங்குகிறவர்கள் தேதி போட்டு, பெயர் எழுதிவிட்டுப் போகிற புத்தகம். போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததை ரெகினே வைத்திருக்கிறாள். என் நண்பன் காட்டினான், நான் என் கண்ணால் படித்தேன். புதனிலிருந்து தினமும் இரண்டு வரி. கால், காற்று, மிச்சமிருக்கும் கருவாடு. ஒவ்வொரு நாளும் கீழே 'ஏனொக்' என்று கையெழுத்து.

ஞாயிறு: "மத்தியானம் வீடு வரைக்கும் போய் வந்தேன். பக்கத்து வீட்டில் கூட்டம், காப்பி வாசனை. குளிருதா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லத்தான் நினைத்தேன்." கீழே கையெழுத்து இல்லை. பேனா வைத்து அழுத்திய புள்ளி மட்டும்.

இந்தப் பக்கம் வரைக்கும் ரெகினேவால் படிக்க முடியும். அடுத்த பக்கத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் படித்திருக்கிறாள். அவள் எதற்காக அழுவாள் என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டு அழுவாள். அதுவும் அவர் எழுத்துதான், கீழே பெயர் மட்டும் இல்லை. நடுக்கமே இல்லை.

திங்கள்: "வானம் தெளிந்திருக்கிறது. தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம். தெற்கே போகிறது. யாரையோ தேடுகிறார்கள் போலிருக்கிறது. பாவம், யார் பெற்ற பிள்ளையோ."