மீன் என்று கேட்ட குரல்: போனக்காவுக்கு ஒரு பாராட்டு மடல்

முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் மளிகை அங்காடியின் போன் ஆர்டர் மேசையில் அமர்ந்து, முகம் காணாத மனிதருக்கெல்லாம் குரலாலேயே முகமன் கூறிய குணவதியே! பருப்பு என்றால் எந்தப் பருப்பு என்று பரிவோடு கேட்டறிந்த பண்பின் பெட்டகமே! அரைக் கிலோவை அரைக் கிலோவாகவே அனுப்பிய அறத்தின் அளவுகோலே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய, இன்று ஓய்வு பெறும் போனக்காவே, வணக்கம்!

தங்கள் பொறுமையையும் நேரம் தவறாமையையும் விரித்துரைக்க இந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இடம் போதாது. ஆகவே ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் சொல்கிறோம். அது தங்களுக்குத் தெரியும். இங்கே பின்வரிசையில் அமர்ந்திருக்கும் புதியவர்களுக்குத் தெரியாது. அவர்களைப் பார்த்துச் சொல்வதால், சற்று நேரம் தங்களை வெறும் 'அக்கா' என்றே குறிப்பிடுவோம். பொறுத்தருள்க.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், கடைக்குப் பின்னால் உள்ள மேட்டுத் தெருவில் பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் சில குடியேறின. போனில் அவர்கள் கேட்பது யாருக்கும் புரியவில்லை. மேலாளர் ஒரு பாடப் புத்தகமும் சிடியும் வாங்கி வந்து அக்காவின் மேசையில் வைத்தார்.

"மளிகைச் சாமான் பேரு மட்டும் படிச்சாப் போதும்மா. கவிதை எழுதவா சொல்றேன்?"

நாற்பத்தாறு வயதில் அக்கா நோட்டுப் போட்டார். ஒரு பக்கம் பொருள், மறுபக்கம் பிரெஞ்சுச் சொல், அதுவும் தமிழ் எழுத்தில். 'பேன்' என்றால் ரொட்டி என்று அவர் சொன்னபோது பேக்கிங் பிரிவே விழுந்து விழுந்து சிரித்தது. "தலையில இருக்கிறதை எதுக்குக்கா திங்கிறாங்க?" ஆப்பிளுக்குப் 'போம்', உப்புக்குச் 'செல்'. "கடைக்கு வர்றவங்களை நாமளே விரட்டுற மாதிரி இருக்கே" என்று அக்காவும் சிரித்தார். ஆனால் இரண்டே மாதத்தில் பாலும் அரிசியும் முட்டையும், ஒன்று முதல் நூறு வரை எண்களும் அவருக்கு அத்துப்படி.

பிறகுதான் அந்த அழைப்பு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு. மெல்லிய பெண் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரல். இருபத்திரண்டாம் எண் வீடு என்றது. பிறகு ஒரே ஒரு சொல்: 'புவாஸோன்'. கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு விக்கல். அக்கா நோட்டைப் புரட்டினார். மீன். அரைக் கிலோ மீன் போயிற்று.

மறுநாளும் அதே நேரம், அதே குரல், அதே சொல்.

"கதவைத் திறக்கலைக்கா, வாசல்லயே வெச்சுட்டு வந்தேன்" என்றார் வேன் ஓட்டுநர். "நேத்து வெச்ச பையும் அங்கேயேதான் கிடக்கு. பூனை கிழிச்சிருக்கு."

அக்காவுக்கு உறுத்தியது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் பதில் இல்லை. வேறென்ன வேண்டும் என்றால் மீண்டும் அதே சொல். ஐந்தாம் நாள் அந்தக் குரல் கெஞ்சியது. மீனுக்காக யாராவது கெஞ்சுவார்களா?

ஆறாம் நாள் காலை, கடையில் கூட்டமில்லாத நேரம். அக்கா சிடியைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பாடத்தின் பெயர், குழப்பும் சொற்கள். அதில் 'புவாஸோன்' வந்தது. அடுத்து அதைப் போலவே இன்னொரு சொல். நடு ஒலி மட்டும் வேறு. முதலாவதில் காற்று சீறியது. இரண்டாவதில் தேனீ ரீங்கரித்தது. நம் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். முதலாவதற்குப் பொருள் மீன். இரண்டாவதற்கு விஷம்.

போனில் கேட்ட அந்த ரீங்காரத்தை லைன் கோளாறு என்றல்லவா நினைத்திருந்தார்! அக்கா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. போன் அடித்தது.

"புவாஸோன்?" என்று சீறும் ஒலியோடு கேட்டார்.

"நோன்" என்று மறுத்தது குரல். பிறகு அந்தச் சொல்லை மெதுவாக, குழந்தைக்குச் சொல்லிக் கொடுப்பது போல, நடுவில் தேனீ ரீங்கரிக்கச் சொன்னது. லைன் செத்துப்போனது.

"தம்பி, வண்டியை எடு!"

"லிஸ்ட் இன்னும் போடலையேக்கா..."

"லிஸ்ட் கிடக்கட்டும்ப்பா, எடு!"

இருபத்திரண்டாம் எண் வீட்டு வாசலில் ஐந்து பைகள் வரிசையாகக் கிடந்தன. தட்டினால் பதில் இல்லை. பின்பக்கத்துச் சமையலறைக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஒரு வயதான அம்மா தரையில் சுருண்டு கிடந்தார். மூச்சு மட்டும் ஓடியது. மேசைமேல் பாதி தின்ற ரொட்டி. அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள், இரண்டிலும் வெள்ளைப் பொடி. ஒன்றின் ஒட்டுத்தாளை அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்தச் சொல். எலி மருந்து. கண் மங்கிய அந்த அம்மா ஒரு வாரமாக இரண்டிலிருந்தும் அள்ளி மாவு பிசைந்திருக்கிறார். "இன்னும் ஒரு நாள் போயிருந்தா கைவிட்டுப் போயிருக்கும்" என்றார் மருத்துவர்.

ஒரு மாதம் கழித்து, அந்த அம்மா கைத்தடியோடு கடைக்கு வந்தார். நம் மொழி அவருக்குக் கொஞ்சம் வரும்.

"என் வாசல்ல தினம் தினம் யாரு மீன் வெச்சது?"

"நீங்கதானேம்மா போன்ல கேட்டீங்க?"

"என் போன் மழைக்கு முன்னாடியே செத்துப்போச்சு. விஷம்னு எனக்கு எப்படித் தெரியும்? ஜுரம்னுல்ல படுத்திருந்தேன்."

அவருடையது கரகரத்த, கனத்த குரல். போனில் வந்த குரல் அதுவல்ல. பில் போட்டுக்கொண்டிருந்த கைகள்கூட நின்றுவிட்டன.

"அந்தக் குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா.

அக்கா கண்ணை மூடி அந்தச் சொல்லை, கடைசி விக்கலோடு, அப்படியே சொல்லிக் காட்டினார். அந்த அம்மா பக்கத்திலிருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். யாரென்று அவர் சொல்லவில்லை, அக்காவும் கேட்கவில்லை. பிறகு எழுந்து, ரொட்டி வேண்டும் என்றார்.

"எத்தனைம்மா?"

"ரெண்டு."

ஒண்டிக்கட்டையான அவர், அதன்பின் வாழ்ந்த ஒன்பது ஆண்டுகளும் எல்லாவற்றையும் இரண்டாகவே வாங்கினார். அக்கா ஒருநாளும் ஏனென்று கேட்காமல், இரண்டு பைகளில் சரிபாதியாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தார்.

செவிச்செல்வமே! செய்நேர்த்தியின் சிகரமே! ஓர் ஒலியின் வேற்றுமையில் ஓர் உயிரைக் கண்டெடுத்த உத்தமியே! தங்கள் செவிப்புலன் மங்காமலும், கால் தளராமலும், பேரப்பிள்ளைகளின் கூச்சல் குறையாமலும் தாங்கள் நெடுங்காலம் நலமோடு வாழ்க!

ஒரே ஒரு வேண்டுகோள். நாளை முதல் தங்கள் நாற்காலியில் அமரப்போவது யாரென்று இன்னும் முடிவாகவில்லை. மேலாளர் கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறோம். அந்தக் குரல் பிறகு வரவில்லைதான். ஆனாலும் வீட்டு போன் நம்பரை மட்டும் மாற்றிவிடாதீர்கள், அக்கா.

இங்ஙனம்,
பேக்கிங், பில், சரக்கறை, வேன் பிரிவுகளின் பணியாளர்கள்