ராணி மன்னித்தால் என்ன வரும்?

— "ராணி அழுதா மழை வருது, கோபப்பட்டா புயல் வருது. மன்னிச்சா என்ன வரும்?" நம்ம கார்ட்டூன் படத்தை ஓட்டிக் காட்டினப்ப ஒரு வாண்டு கேட்டுச்சும்மா. டைரக்டர் நானு, திருதிருன்னு முழிச்சேன்.

— மழையும் புயலும் வரையறதுதான் என் வேலை சார். எங்க மாமியார் கோபப்பட்டா வீட்ல ஃபேன்கூட சுத்தாது.

— கிண்டலா? முதலாளி இப்ப வந்துடுவார். திருடின சேவகனை ராணி மன்னிக்கிற காட்சியைத்தான் முதல்ல கேப்பார். பூ கொட்டட்டுமா?

— காதலுக்கே ரெண்டு வண்டி பூ கொட்டியாச்சு.

— வானவில்?

— மழை நின்னப்பவே போட்டாச்சு.

— அப்ப அரண்மனையே ஜொலிக்கட்டும்! நகரு, நானே வரைஞ்சு காட்டறேன்.

— வேணாம் சார். நீங்க வரைஞ்சா ராணிக்கு இடது காதுத் தோடு காணாமப் போயிடும். முதலாளியே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

— மறந்துடுதும்மா, என்ன பண்ண!

— போன வாரம் இதே காட்சியைக் குப்பைன்னு நினைச்சு நான் அழிச்சேனே, ஞாபகம் இருக்கா? நீங்க போட்ட சத்தத்துல கண்ணாடிக் கதவே ஆடுச்சு.

— ஆடாதா பின்ன? முதலாளிக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உன் சீட்டைக் கிழிச்சிருப்பார். உன் நல்ல நேரம், அந்தக் காட்சிக்குப் பழைய காப்பி ஒண்ணு கிடைச்சுது.

— கடவுள் புண்ணியம். நீங்க காய்ச்சல்னு லீவு போட்டீங்க. கண்ணெல்லாம் சிவந்து திரும்பி வந்து, "இந்தா, காட்சியோட பழைய காப்பி"ன்னு மேசையில வச்சீங்க.

— நல்ல காய்ச்சல்மா அது.

— அப்ப எதுவும் ஜொலிக்கல சார். பூவும் கொட்டல. சத்தம் நின்னுச்சு, அவ்வளவுதான்.

— அதனால?

— புயல் நிக்கட்டும். அரண்மனைத் திரைச்சீலை மெல்ல அடங்கட்டும். வேற ஒண்ணும் வர வேண்டாம்.

— அந்த வாண்டு ஒத்துக்குமா?

— எதையாவது உடைச்சிட்டு அடி வாங்காமத் தப்பிச்ச வாண்டுன்னா ஒத்துக்கும்.

— ம்... சரி, காட்சியை ஓட்டு. சேவகன் மண்டி போடறான்... ராணி திரும்பறா... நிறுத்து! இடது காதுல தோடு இருக்கு!

— இருக்கணும்தானே சார்?

— நான் போடவே இல்லையே!

— முதலாளி படியேறி வர்றார், மெதுவாப் பேசுங்க. யார் கேட்டாலும், தோடு பழைய காப்பியிலேயே இருந்துச்சு சார்.