விளக்கு வைக்கறதுக்குள்ள

உக்கார்றதெல்லாம் வேணாங்க டாக்டரம்மா, நின்னுனே சொல்றேன். ரேகை எங்க வெக்கணும்னு காட்டுங்க, வெச்சிட்டுப் போறேன். காயிதத்துல இன்னா எழுதினீங்க? புருஷன் அடிச்சி செத்தாள்னா? அய்யய்யோ, அத எடுத்துடுங்க. ஆவாரம்பட்டை சொமக்கும்போது தோல் ஊறப்போடற தொட்டி மேட்டுல வழுக்கி உழுந்தாள்னு எழுதுங்க. பெத்தவ சொல்றேன், எழுதுங்க.

முதுகுல தோல்வாரு தழும்பா? பாத்திருப்பீங்க. நானும்தான் பாத்தேன், மஞ்சளும் எண்ணெயும் போட்டேன். வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? எங்க மாப்ள அருணகிரி தோல் பதம்போடற ஷாப்புல மேஸ்திரி. நாப்பது ஆள அதட்டி வேல வாங்கறவரு, வூட்டுக்கு வந்தா மட்டும் கொஞ்சிக்கினா இருப்பாரு? அடிக்கிற கைதான் அணைக்கும். எம் புருஷன் அடிக்காத அடியா? இந்தக் காது அப்ப போனதுதான். நான் செத்தா பூட்டேன்?

மாப்ளய ஒரு வார்த்த கேக்கலன்னு சொல்லாதீங்க, கேட்டேன். மூணாந்தரம் அவ ஓடியாந்தப்ப நானே கூட்டினு போயி, இன்னா வேணா பண்ணுங்க மாப்ள, மூஞ்சில மட்டும் கைய வெக்காதீங்க, நாலு பேரு பாக்கறாங்கன்னேன். சரி அத்தேன்னாரு. சொன்ன சொல்லு தவறல. பொணத்த பாத்தீங்களே, மூஞ்சில ஒரு கீறல் உண்டா?

இன்னா? ஒரு ராத்திரி வெச்சிக்கக் கூடாதான்னா?

அதயும் சொல்றேன். எம் பொண்ணு சாலம்மா லேசுப்பட்டவ இல்ல. கடைசியா வந்தாளே, போன மாசம் வியாழக்கெழம, பொழுது சாயறப்ப பாத்து வந்தா, இடுப்புல கைக்கொழந்தையோட. வெளக்கு வெச்சிட்டா பொண்ண வெளிய அனுப்ப மாட்டோம். மறுநாள் வெள்ளி. வெள்ளிக்கெழம பொண்ண அனுப்பினா வூட்டு லச்சுமியே பூடும்னு இங்க சின்னக் கொழந்தையும் சொல்லும். ஆக ரெண்டு ராத்திரி தூங்கலாம்னு ரோசன பண்ணிட்டு வந்திருக்கா. திருட்டுக் கழுத. எனக்குத் தெரியாதா? நான் வெளக்கே ஏத்தல. அவளே மாடத்தாண்ட போயி தீக்குச்சிய எடுத்தா, கையிலேர்ந்து புடுங்கிட்டேன். தரதரன்னு இழுத்துனு போயி, ஊரு வெளக்கு வைக்கறதுக்குள்ள அவ வூட்ல உட்டுட்டு வந்தேன். வெள்ளி விடியறப்ப இங்க தூக்கியாந்தாங்க.

நீங்க இன்னாத்துக்குங்க அழறீங்க? எனக்கு மட்டும் இல்லியா? பெத்த வயிறுங்க, பத்திக்கினு எரியுது. அன்னிலேர்ந்து நான் தீக்குச்சியவே தொடறதில்ல. போதுமா? எழுதுங்க சீக்கிரம், வெளிய வண்டி நிக்குது.

மாப்ளதான் ஓட்டியாந்தாரு. பாவம், வேலய உட்டுட்டு வந்திருக்காரு. பக்கத்துல யாருன்னா? எங்க சின்னவ, அமிர்தவள்ளி. பதினஞ்சு நடக்குது. கைக்கொழந்தைய பாக்க ஆளு வேணாமா? காரியம் முடிச்சி, போன புதங்கெழம கோயில்ல வெச்சி தாலி கட்டிட்டாரு.

அப்பிடி எட்டிப் பாக்காதீங்க டாக்டரம்மா. உள்ள இன்னா பேசினாங்கன்னு வூட்டுக்குப் போயி அவளத்தான் கேப்பான். மை எங்க வெச்சிருக்கீங்க?