ஆணி விழுந்த இடம்

— அந்தச் சாவியைத் தொடாதீங்கம்மா, முறுக்கேறிக் கிடக்கு. பைய இந்தப் பொத்தானை அமுக்குங்க. குருவி கழுத்தைத் திருப்பிப் பாடும்.

— ஏங்க, பாத்தீகளா? வாலைக்கூட ஆட்டுது.

— பாத்தேன், சாரா. தகரக் குருவி. வண்டிக்காரன் வெளியில காத்துக்கிடக்கான். ஸ்ரீவைகுண்டம் போய்ச் சேர இருட்டிரும், கேட்டியா?

— உபதேசியாரய்யா, காயல்பட்டணத்துக்கு வந்துட்டு இப்பிடிப் பறக்கலாமா? எங்க வாப்பா கொழும்புல கடை வச்சிருந்த காலத்துலருந்து சேத்த பெட்டிக இதெல்லாம். கிராமபோன் வந்த பொறவு இதுகளை யாரு சீண்டுதா? பாவமா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் கூடத்தைத் திறந்து வச்சிருதேன், பிரியப்பட்டவுக வந்து பாக்கட்டும்னு.

— நாங்க வேடிக்கை பாக்க வரலை முதலாளி. எங்க வேதக்கோயில் பெட்டி உம்மகிட்ட இருக்காமே. இவ ஒரே நச்சரிப்பு.

— அந்தா, மூலையில. போர்வையை எடுங்க.

— ஏங்க, நம்ம சுத்துப்பெட்டி. கைப்பிடியில நீங்க சுத்தின துணி அப்பிடியே இருக்கு பாருங்க.

— உம்.

— ஆர்மோனியம் வந்ததும் உங்க சபையில வித்தாகள்லா, நான்தான் வாங்கினேன். கைப்பிடியைச் சுத்தினா உள்ள உருளை உருளுது, அதுல அடிச்ச ஆணி ஒவ்வொண்ணும் ஒரு குழலைத் திறந்து விடுது, கீர்த்தனை வந்துருது. ஒரே குறை, ஒரு பாட்டுல நடுவுல ஆணி உதுந்து கிடக்கு. அந்த இடத்துல சத்தம் நின்னு, பொறவு வருது. திங்கக்கிழமை கொழும்புலருந்து மேஸ்திரி வாராரு. புது ஆணி அடிச்சிருவாரு.

— அதுக்குத்தான் தம்பி ஓடியாந்தேன். அதை அடிக்க வேண்டாம்.

— அடிக்கட்டும் முதலாளி. குறையைக் குறையா விடக்கூடாது, கேட்டீரா?

— ஊனமான பெட்டியை யாரும்மா நின்னு கேப்பா?

— எங்க ஊருச் சனத்துக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததே அந்தப் பெட்டிதான் தம்பி. அது நிக்குத இடத்துல ஊரே வாயை மூடிக்கிட்டு நிக்கும். பாட்டுல அப்பிடி நிறுத்தமே கிடையாதுன்னு மிஷன் துரைசானி அம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டா. யாரு கேட்டா? ஆர்மோனியம் வந்தும் இன்னைக்கும் அங்கன நிக்கத்தான் செய்யுதோம்.

— சிரிக்கக்கூடாது. ஆனா சிரிப்பு வருது.

— சிரிங்க. நாங்களும் சிரிச்சதுதான். எங்க லில்லி மட்டும் நிக்கமாட்டா. ஊரே மூச்சு விடாம நிக்கையில அவ ஒத்தையில அந்த அடியைப் பாடிருவா. இவுக சுத்துவாக, அவ பாவாடையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நிப்பா. அந்த இடம் வந்தா இவுக கை தானா மெதுவாகும், பிள்ளைக்கு மூச்சு வேணும்லா.

— சாரா. போதும்.

— மவ இப்ப எங்கன இருக்கு?

— செத்துப்போனா.

— அல்லா. எப்ப மவுத்து?

— சாகலை தம்பி. ஒரு தையக்காரனைக் கட்டிக்கிட்டு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம தூத்துக்குடியில கப்பலேறிட்டா. அன்னைலருந்து இவுகளுக்கு அவ செத்தவ. வீட்டுல பேரெடுக்கக்கூடாது. துணிமணியெல்லாம் ஆத்தோட போயிட்டு. எம்பிள்ளைன்னு எனக்கு மிச்சம் அந்த ஆணி விழுந்த இடந்தான். அதையும் அடச்சிட்டா நான் எங்கன போய் அவளைத் தேடுவேன்?

— ஐயா, நீங்களே ஒருக்க சுத்துங்களேன்.

— நானா? கை மறந்திருக்கும்.

— சுத்துங்க. உங்க பெட்டிதானே.

— நகருடி. வெளிச்சத்தை மறைக்காத.

— ஏங்க, அதே பாட்டு. இந்தா வருது, இந்தா... நின்னுட்டு.

— இப்பவும் அங்கன மெதுவாத்தான் சுத்துதீங்கய்யா.

— கைப்பழக்கம். வேற ஒண்ணுமில்லை.

— இல்லய்யா, இந்தச் சுத்தை நான் பாத்திருக்கேன். கொழும்புல எங்க கடையை இப்ப நான்தான் பாக்கேன், அதுக்குப் பின்னால ஒரு பொம்பிளை குடியிருக்கு. பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு, வலது கையைக் காத்துல இப்பிடி வட்டமாச் சுத்திச் சுத்திப் பாடும். ஒரு இடத்துல கை மெதுவாகும், பாட்டு நின்னுரும். மடியில கிடக்குத பொட்டப்பிள்ளை, பேச்சுக்கூட இன்னும் திருந்தலை, அது அந்த அடியை மழலையில பாடும். தாயும் மவளும் விளையாடுதாகன்னுல்லா நினைச்சேன்.

— ஏங்க...

— அந்தப் பொம்பிளைக்கு மாப்பிள்ளை என்ன தொழில் பாக்கான்?

— தையல்தான். எந்த ஊரு, யாரு மவளுன்னு ஒருநாள் கேட்டேன். எங்கய்யா பேரைச் சொல்ல எனக்கு உத்தரவில்லைன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டு.

— ஏங்க, நம்ம பேத்திங்க. உக்காருங்க.

— முதலாளி, மேஸ்திரி வரவேண்டாம்னு தந்தி அடிச்சிரும். அந்தப் பிள்ளை இங்கன வந்து பாடும்போது பெட்டி வாயை மூடிக்கிட்டு நிக்கணும்.