மிஷின் புடிச்ச தண்ணி

தேவநாதன்: நேத்து சாயங்காலந்தான் மிஷின் தொட்டிய காலி பண்ணேன்னீங்க அண்ணி. மறுபடியும் ரொம்பி நிக்குது.

நீலாவதி: ஐப்பசி மழை... ரொம்பத்தான் செய்யும்.

தேவநாதன்: சார்ஜாவுல ஒங்க வூட்டுக்காரரு தொர அண்ணனும் நானும் இருந்த ரூம்பு கடலோரம். காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சற இந்த மிஷினு அங்கயே இவ்ளோ தண்ணி புடிக்காது. நீங்க என்னா, மணிமுத்தாத்த வூட்டுக்குள்ள கட்டி வெச்சிருக்கீங்களா?

நீலாவதி: மிஷின வாடகைக்கு வுட்டவன் வாடகைக்கு வுட்டவனாட்டம் இரு. புடிக்கலன்னா தூக்கிட்டுப் போ.

தேவநாதன்: யப்பா, கோவத்தப் பாரு... செவுரு காஞ்சாத்தான கயல கூட்டியாரலாம்? புள்ள எத்தினி நாளு கம்மாபுரத்துல சித்தி வூட்டுல கெடக்கும்?

நீலாவதி: அது எனக்குத் தெரியாதா? இந்த ஓதத்துல படுக்க வெச்சா வீசிங்கு நிக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நேத்து போன்ல, "இங்க இருமலே இல்லம்மா... ஆனா ஒன் பக்கத்துல படுக்கணும்"ங்குது.

தேவநாதன்: ...அப்ப எங்கயோ தண்ணி வருது. ஓடு ஒழுவுதா?

நீலாவதி: ஆடியிலதான் மாத்துனோம்.

தேவநாதன்: பைப்பு?

நீலாவதி: பைப்பு தெருவுல இருக்குது. போயி அதையும் தடவிப் பாத்துட்டு வா.

தேவநாதன்: கிண்டலு... மிஷினு ஓடுறப்ப ஜன்னல சாத்தச் சொன்னேன். கரண்டு போனா தொறந்து வுடலாம்ல? செவுரே வேர்த்து வழியுது.

நீலாவதி: காத்து படக்கூடாது.

தேவநாதன்: எதுக்கு?

நீலாவதி: ...எனக்குத்தான். சளி.

தேவநாதன்: பீங்கான் கம்பெனி சூளையில வெந்த ஒடம்பு, அதுக்கு சளியா? சரி சரி, மொறைக்காதீங்க. அது என்னா, கட்டிலுக்குப் பின்னால, சாக்கு போட்டு மூடி?

நீலாவதி: பழைய துணி. டீ போடவா?

தேவநாதன்: பழைய துணியிலேருந்து தண்ணி சொட்டுது.

நீலாவதி: தேவா, அதத் தொடாத...

தேவநாதன்: நனைஞ்ச சாக்கு... உள்ள இன்னொண்ணு... அட, பச்ச மண்ணு!

நீலாவதி: மெதுவாடா! வெரலு பட்டா பள்ளம் வுழுந்துடும்.

தேவநாதன்: இது... நம்ம கயலு. பல்லு வுழுந்த வாயோட சிரிக்குது. காத ஏன் காணோம்?

நீலாவதி: வைக்கல. ஒங்க அண்ணன் செஞ்சிட்டு இருக்கறப்பவே ஏஜெண்டு போன் பண்ணிட்டான், மறுநா ஃபிளைட்டுன்னு. "காத வந்து வைக்கிறேன், அதுவரைக்கும் மண்ணு காயாம பாத்துக்க"ன்னு சொல்லிட்டுப் போனாரு. காஞ்ச மண்ணுல ஈர மண்ணு ஒட்டாது. நீயும் அந்தக் கம்பெனியில இருந்தவந்தான, நான் சொல்லணுமா?

தேவநாதன்: அவரு போயி ரெண்டு வருசமாவுது அண்ணி! அன்னையிலேருந்தா...?

நீலாவதி: காலையில ஒரு செம்பு. வேலை வுட்டு வந்து ஒரு செம்பு.

தேவநாதன்: ஒரு பக்கம் மிஷின வெச்சி ஈரத்த எடுக்கறது, இன்னொரு பக்கம் நீங்களே ஊத்தறது! புள்ளய வெளிய அனுப்பிட்டு பொம்மைய வெச்சி...

நீலாவதி: கத்தாத.

தேவநாதன்: கத்தாம?

நீலாவதி: எனக்கு மட்டும் அறிவில்லையா? இன்னிக்கி ஊத்தக்கூடாது, இன்னிக்கி ஊத்தக்கூடாதுன்னுதான் எந்திரிக்கிறேன். சாக்கு ஓரம் காஞ்சி வெளுத்து நிக்கும்... அதப் பாத்ததும் கையி தானா செம்ப எடுக்குது. தையில வரேன்னாரு. தை வரைக்குந்தான...

தேவநாதன்: ஊத்தாதீங்க அண்ணி.

நீலாவதி: ஏன்?

தேவநாதன்: ...தையில அவரு வரல. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்புறம்... இந்த மிஷினு என்னுது இல்ல. புள்ளைக்கு எளப்புன்னு கேட்டதும், டிக்கெட்டுக்கு வெச்சிருந்த காச எடுத்து அவருதான் அங்க வாங்கி என்கிட்ட குடுத்து வுட்டாரு. "வாடகைன்னே சொல்லு, நான் வாங்குனதுன்னு தெரிஞ்சா வரமாட்டேன்னு அவளுக்குப் புரிஞ்சிடும்"னாரு. அண்ணி, எதனா பேசுங்க. திட்டவாச்சும் திட்டுங்க.

நீலாவதி: அந்த சாக்க எடு. ரெண்டையும் எடு. வெளிய கொடியில போடு.

தேவநாதன்: ஒடனேயா? காத்து பட்டா மண்ணு வெடிப்பு வுட்டுடும்...

நீலாவதி: வுடட்டும். ஜன்னலத் தொற. என் தங்கச்சிக்குப் போன் போட்டு, வூடு காஞ்சதும் கயல கூட்டியாரச் சொல்லு. எனக்கு இப்ப கொரலு வராது.

தேவநாதன்: சொல்றேன். அழுவாதீங்க... இந்தத் தொட்டித் தண்ணிய வாசல் சாக்கடையில ஊத்திடவா?

நீலாவதி: வேணாம், அத மட்டும் வையி. நீ மிஷின் பொட்டிய எறக்குனப்பவே கயித்து முடிச்சப் பாத்துட்டேன். கம்பெனியில பொம்மைப் பொட்டி கட்டறப்ப அவரு ஒருத்தருதான் அப்படி முடிச்சுப் போடுவாரு. அன்னையிலேருந்து இந்தத் தண்ணியத்தான் அந்த பொம்மைக்கு ஊத்துறேன். அவரு அனுப்புன மிஷினு புடிச்ச தண்ணி... எப்பிடிப்பா சாக்கடையில கொட்டுவேன்?